தறி தின்ற காது

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

உடம்புக்கு முடியாமல் போனால்கூட எனக்கு எழுதாதே என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்னவள் நீ. உன் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி எனக்கு பாய்லர் அறையில் வேலை வாங்கிக் கொடுத்தாய். நான் ஒரே ஒரு நாள் வந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி தறிக்கே, இந்த ஊர் விசைத்தறிக் கூடத்துக்கு ஓடி வந்துவிட்டேன். கோபத்தில் சொன்னாய். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்தவன் நான். இப்போது உடம்புக்கு முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காலையில் எழுந்தால் கண்ணிமை இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. மாலைக்குள் வீக்கம் காலுக்கு இறங்கிவிடுகிறது. கெண்டைக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. சிறுநீர் போனால் நுரை. தண்ணீர் ஊற்றினாலும் அந்த நுரை அடங்குவதில்லை. கூடத்து டாக்டர் ஒரு காகிதப் பட்டையை அதில் நனைத்துப் பார்த்தார். மஞ்சள் பட்டை பச்சையானது. அவர் என்னை உட்காரச் சொன்னார். இங்கே யாரும் எங்களை உட்காரச் சொல்வது கிடையாது. அப்போதுதான் இது சின்ன விஷயமில்லை என்று தெரிந்தது.

சிறுநீரகத்தில் இருக்கிற வடிகட்டி ஒழுகுகிறதாம். இரத்தத்தில் இருக்க வேண்டிய சத்து அந்த வழியாக வெளியே போகிறதாம். "ஏன் ஒழுகுதுன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பண்ண முடியும். அதுக்கு நூறு காரணம் இருக்கு" என்று சொல்லி என்னைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே நெருங்கிய உறவினரின் முகவரி கேட்டார்கள். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? உன் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறேன். அவர்களிடமிருந்து ஏதாவது காகிதம் வந்தால் பதறாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் செய்யாதே. என் காது முன்பைவிட மோசம். போனில் நீ பேசினால் எனக்கு இரைச்சல்தான் கேட்கும்.

தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

உன் கடிதத்தை உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். படித்து முடிப்பதற்குள் ஒரு விடுதியின் தலையணை உறைகள் மொத்தமும் சுருங்கிப்போயின. மேற்பார்வையாளர் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒன்றும் காதில் ஏறவில்லை.

நான் கோபத்தில் ஒன்று சொன்னால் நீ அதை அப்படியே எடுத்துக்கொள்வாயா? நல்லது சொன்னபோதெல்லாம் ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? சரி, தப்பு என்மேல் பாதி, உன்மேல் பாதி. அதோடு அந்தப் பேச்சை விடு.

நுரையைப் பற்றி எனக்கே சொல்கிறாய். பன்னிரண்டு வருடமாக முழங்கை வரைக்கும் நுரையில் நிற்கிறவள் நான். அலசியும் போகாத நுரை என்றால் சோப்பு அதிகமாகிவிட்டது என்போம். உன் உடம்பில் எது அதிகமானது? முதுகு வலிக்கென்று மாத்திரை விழுங்குகிறாயா? தறிக்காரர்கள் எல்லாரும் விழுங்குவார்கள், எனக்குத் தெரியும். உப்பு அள்ளிப் போட்டுச் சாப்பிடுகிறாயா? அந்த ஊர்த் தண்ணீர் எப்படி? சாயத் தொட்டிப் பக்கம் வேலை செய்கிறாயா? யாராவது பொடி, லேகியம் என்று கொடுத்துச் சாப்பிட்டாயா? ஒன்றுவிடாமல் எழுது.

உன் மருமகன் வாலுவுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. பெயருக்கேற்ற பிள்ளை. மாமா ஏன் எப்போதும் கத்திக் கத்திப் பேசுவார் என்று கேட்டான். அது தறி தின்ற காது, நம்ம வீட்டு ஆம்பளைகளுக்கு எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். அப்பாவுக்கு, அம்மாவின் தம்பி தலையாட்டி மாமாவுக்கு, இப்போது உனக்கு. நான் பெரியவனானால் தறிப் பக்கமே போகமாட்டேன் என்றான். புத்திசாலி என்று அவன் அப்பா மெச்சிக்கொண்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் நான் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வாய்.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

நீ கேட்டதையெல்லாம் இங்கேயும் கேட்டார்கள். நீ மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருக்கலாம்.

முதலில் சர்க்கரை பார்த்தார்கள். இல்லை. இரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுத்ததா, சிறுநீரகம் கெட்டதால் அது ஏறியதா என்று சொல்ல முடியாதாம். மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று ஒரு குழாய் இரத்தம். உடம்பு தன்னைத்தானே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய் ஒன்று இருக்கிறதாம், அதற்கு இரண்டு குழாய். சின்ன வயதில் தொண்டைப் புண் வந்து காய்ச்சலில் கிடந்தாயா, சிரங்கு வந்ததா என்று கேட்டார் பெரிய டாக்டர். எந்தப் பையனுக்குத்தான் வரவில்லை? வலி மாத்திரை என்றதும் அவர் முகம் தெளிந்தது. ஆள் அகப்பட்டான் என்கிற மாதிரி எழுதிக்கொண்டார். மாதத்துக்கு நாலைந்துதான் என்றேன். முகம் மறுபடி வாடியது. பொடி, லேகியம் எதுவும் இல்லை. தண்ணீர் எல்லாரும் குடிக்கிற தண்ணீர்தான். சாயத் தொட்டி வேறு கட்டிடம்.

ஒவ்வொரு காரணமாக இல்லை இல்லை என்று வரும்போது சந்தோஷப்பட வேண்டும்தானே? எனக்கு நேர்மாறாக இருந்தது. திருடன் வீட்டுக்குள் இருக்கிறான் என்று தெரியும், ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்க்கிறோம், ஆளைக் காணோம். மீதி இருக்கிற அறை குறையக் குறையத்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

குடும்ப விவரம் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் உண்டா, பிறவி நோய் உண்டா, பார்வைக் கோளாறு, காது கேளாமை உண்டா என்று வரிசையாகக் கட்டம். எல்லாவற்றிலும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

கடைசியில் குப்புறப் படுக்க வைத்து முதுகில் ஊசி விட்டு, சிறுநீரகத்திலிருந்து நூல் அளவுக்குச் சதை எடுத்தார்கள். ஊசி பாய்கிற சத்தம் உனக்கே கேட்கும் என்று பயமுறுத்தினார்கள். என் காதுக்கு அது கேட்கவில்லை, அதில் ஒரு லாபம். வடிகட்டிகளில் பல தழும்பேறிக் கிடக்கின்றன என்று முடிவு வந்தது. ஏன் என்பதற்குத் தெரியவில்லை என்பதுதான் பதில். காரணம் தெரியாதவர்களுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையை ஆரம்பித்திருக்கிறார்கள்.

இடைவெளி விட்டு இரண்டு தறி தள்ளி நிற்கிறவன் உதட்டைப் பார்த்தே நான் பேச்சைப் படித்துவிடுவேன். நேற்று பெரிய டாக்டர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நர்ஸிடம் பேசினார். "சின்னப் பையன், பாவம்" என்றார். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருக்கலாம்.

தம்பி


ஜூன் 16

தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். பேருந்தில் வழி முழுக்க உன் முகம்தான். இல்லை, அது உன் முகமே இல்லை. மாத்திரை தின்று தின்று கன்னம் உப்பி, கழுத்து காணாமல் போய், வார்டு வாசலில் நின்ற உன்னைத் தாண்டிப் போய்விட்டேன் பார். நீ சிரித்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. மூன்று மாதம் அந்த மாத்திரை என்ன சாதித்தது? உன்னை ஊதவைத்தது, அவ்வளவுதான்.

அந்த டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து உன் இரத்தம் வெளியே போய் உள்ளே வருவதை நாலு மணி நேரம் பார்த்தேன். நாங்கள் துணி அலசுகிற மாதிரி உன்னை அலசுகிறார்கள். உனக்கு இருபத்தாறு வயது. வாரத்துக்கு மூன்று நாள் இப்படி.

அங்கே சொன்னதை இங்கே எழுதியும் வைக்கிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று நீ சாதிக்க முடியாது. என் சிறுநீரகங்களில் ஒன்றை உனக்குத் தருகிறேன். உன் அத்தானிடம் பேசிவிட்டேன். தான் ஓட்டுகிற பேருந்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "உன் தம்பி, உன் உடம்பு, நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார். வேண்டாம் என்று நீ நாடகம் போடாதே. எனக்கு நேரமில்லை.

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

வேண்டாம் என்று எழுதத்தான் மூன்று முறை உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. எனக்கு வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தச்சர் இருந்தார். என்னைவிட நாலு வயது பெரியவர். திங்கட்கிழமை அவரும் நானும் சேர்ந்தே உள்ளே போனோம், புதன்கிழமை அந்தக் கட்டிலில் வேறு ஆள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாடகம் போடுகிற தைரியம் எனக்கு இல்லை.

ஆகஸ்ட் கடைசி வாரம் உன்னைப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். சிறுநீரக மாற்றுப் பிரிவுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். என் காகிதங்களையெல்லாம் முதலிலிருந்து படிக்கப்போகிறாராம். படிக்கட்டும். நீ வா.

தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

வருகிறேன். மேற்பார்வையாளரிடம் விடுப்புச் சொல்லிவிட்டேன். விடுதித் துண்டுகளை யார் மடிப்பார்கள் என்பதுதான் அவருடைய கவலை.

ஒன்று கேட்க வேண்டும். கேட்பதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, சும்மாதான். பள்ளிக்கூடத்தில் நீ எந்த பெஞ்சில் உட்காருவாய்? அப்பா ஒருமுறை ஆசிரியரைப் பார்த்து உன்னை இடம் மாற்றச் சொன்னார் என்று அரைகுறையாக ஞாபகம். அப்போது உனக்கு எத்தனை வயது? நீ தறிக்குப் போனது பதினெட்டில்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்கப் போனேன். தலையாட்டி மாமாவின் மனைவி, இப்போது மகளோடு இருக்கிறார். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போவாரே மாமா, அவரைப் பற்றிப் பேச்சு வந்தது. இருபத்தைந்து வயதில் உடம்பெல்லாம் ஊதிச் செத்தார். குடித்தே செத்தார் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அத்தை அவர் வாயில் ஒரு சொட்டு வைத்ததில்லை என்கிறார். அவர் எப்போது தறிக்குப் போனார் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை நேரில் சொல்கிறேன்.

பெஞ்சைப் பற்றி மறக்காமல் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

பெஞ்ச் ஞாபகமில்லை.

ஆகஸ்ட் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். முடிந்தால் இந்த வாரமே கிளம்பு. தேதியை முன்னால் தள்ள நான் பேசுகிறேன். தனியாக வா. வாலுவைக் கூட்டி வராதே. மருத்துவமனை பிள்ளைகளுக்கு நல்ல இடமில்லை.

தம்பி


ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

நீ கிளம்பாமல் இருந்தால் கிளம்பாதே. கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

இந்த மாதம் ஒன்றாம் தேதி புது டாக்டரம்மா என்னை வார்டில் பார்த்தார். நோயாளி ஒருவர் இருமிக்கொண்டே இருந்ததால் டாக்டரம்மா வாயை மூடி முகக்கவசம் போட்டிருந்தார். என்னென்னவோ கேட்டார். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. வெறுமனே சிரித்துத் தலையை ஆட்டினேன். அவர் கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டார், பதில் சொன்னேன். மறுபடி போட்டுக்கொண்டு கேட்டார், முழித்தேன். ஆறு மாதமாக டாக்டர்கள் எல்லாருடைய உதட்டையும் நான் படித்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் கவனிக்கவில்லை. தறிக்கூடத்தில் கற்றுக்கொண்ட வித்தை.

குடும்ப விவரக் காகிதத்தில் காது கேளாமை இல்லை என்று ஏன் எழுதினீர்கள் என்றார். இது நோயில்லை, தறி தின்ற காது, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உண்டு என்றேன். அந்தக் கட்டத்தைப் படித்தபோது அது எனக்கு உறைக்கவேயில்லை அக்கா. கையில் காய்ப்பு உண்டா என்று கேட்டால் யாராவது நோய் என்று எழுதுவார்களா? "எல்லாருக்கும்னா யார் யாருக்கு?" என்றார். அப்பா, மாமா, நான். மாமா எப்படிச் செத்தார் என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

அன்று மாலைக்குள் கண் டாக்டரிடம் அனுப்பி என் கண்ணின் வில்லை முன்னால் பிதுங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மார்ச் மாதம் எடுத்த சதையில் ஒரு துளியை டாக்டரம்மா முன்கூட்டியே வேறு ஊருக்கு, இன்னும் பெரிய நுண்ணோக்கி இருக்கிற இடத்துக்கு அனுப்பியிருந்தார். அந்தப் படத்தை எனக்குக் காட்டினார். வடிகட்டியின் சவ்வு அடுக்கடுக்காகப் பிரிந்து, பிசிறு பிசிறாக நிற்கிறது. எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது நெய்யும்போது வந்த பழுது இல்லை, நூலிலேயே பழுது. மாத்திரையும் இல்லை, தண்ணீரும் இல்லை, தொண்டைப் புண்ணும் இல்லை. நான் பிறக்கும்போதே கொண்டுவந்தது. காதிலும் கண்ணிலும் அதே நூல்தானாம். அப்பாவின் காதை மட்டும் நிஜமாகவே தறி தின்றது. அதை வைத்து மற்ற எல்லாரையும் நாம் தறிக்கணக்கில் சேர்த்துவிட்டோம்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். இது தாய் வழியாக வருகிறது. அம்மாவிடம் இருந்தது, அம்மாவைப் பெரிதாகத் தொடவில்லை. பெண்களிடம் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும், ஆண்களைத்தான் அழிக்கும். அம்மாவிடமிருந்து உனக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "உங்க அக்காவுக்கு ஆம்பளப் பசங்க யாராவது இருக்காங்களா?"

நான் இல்லை என்றேன்.

பதினோரு நாள் ஆகிறது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று முதல் இரண்டு நாள் எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். அந்த அறையில் வாலுவின் பெயரை எடுக்கவே பயந்தேன், எடுத்தால் அவனுக்கு வந்துவிடும் என்று பயந்தேன் என்று. அழகான கதை, ஆனால் பொய். உண்டு என்று சொன்னால் அவனைப் பரிசோதிப்பார்கள், அவனிடம் இருந்தால் உன்னிடமும் இருக்கிறது என்று ஆகிவிடும், உன் சிறுநீரகம் எனக்குக் கிடைக்காது. அதுதான் காரணம். அந்தத் தச்சரின் கட்டில் கண்முன்னால் நின்றது, வாய் தானாக இல்லை என்றது. மறுநாள் உனக்குச் சீக்கிரம் கிளம்பு, அவனைக் கூட்டி வராதே என்று எழுதினேன். அவனைப் பார்த்தால் டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

நேற்று அவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "பையனோட காலை நேரச் சிறுநீரை உடனே பார்க்கச் சொல்லுங்க" என்றார். வேறு யாராவது இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் என்று காத்திருப்போர் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று தெரியவில்லை.

முதல் பெஞ்ச். எட்டு வயதிலிருந்தே முதல் பெஞ்ச். ஞாபகமில்லை என்று எழுதியதும் பொய்தான்.

தம்பி


ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

நீ சீக்கிரம் வரச் சொல்லி எழுதியிருக்கிறாய். பெட்டியும் கட்டிவிட்டேன். அது இரண்டு நாளாகக் கதவோரம் அப்படியே இருக்கிறது. நான் தாண்டித் தாண்டி நடக்கிறேன்.

போன கடிதத்தில் சும்மா கேட்கிறேன் என்று எழுதினேனே, அது சும்மா இல்லை. ஜூலை மாதம் வாலுவின் ஆசிரியை ஒரு சீட்டு அனுப்பினார். பின்னால் உட்கார்ந்தால் கூப்பிடுவது கேட்கவில்லை, வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தேன், இப்போது அப்படித் தோன்றவில்லை, காதைக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். நான் அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் விட்டேன். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக அவன் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தான். நாலு முறை சொன்னேன்.

இவன் தறிக்கூடத்து வாசலைக்கூட மிதித்ததில்லை தம்பி.

அதனால்தான் அத்தையிடம் ஓடினேன். "கல்யாணத்தன்னிக்கே அவருக்குக் காது கேக்காது. தறிக்குப் போனதே அதுக்கு அடுத்த வருஷம்தான், அதுவும் ரெண்டு மாசம்" என்றார் அத்தை. நாமெல்லாம் தலைகீழாக நம்பிக்கொண்டிருந்தோம்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை உன் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. போன வருடம் வாலுவுக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் வந்தபோது சிறுநீர் டீ நிறத்தில் போனது. சிவப்பு இருமல் மருந்து கொடுத்திருந்தேன், அந்த நிறம் இறங்குகிறது என்று விட்டுவிட்டேன். மறுநாள் சரியாகிவிட்டது. துணியில் கறை பட்டால் எதனால் பட்டது என்று தெரியாமல் ஒரு துண்டைக்கூட நான் தண்ணீரில் போடமாட்டேன். என் பிள்ளை விஷயத்தில் ஏன் என்று கேட்கவில்லை.

நாக்கு கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். உனக்குத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவள் நான். ஆனால் என்னால் ஒன்றைத்தான் தர முடியும். நாளைக்கு அவனுக்கும் வேண்டியிருந்தால்? பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. நீ சாகப் பயந்து எழுதிய வரிகளைப் படித்துவிட்டு இப்படி யோசிக்கிறேனே என்று என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. ஆனாலும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. உன் டாக்டரிடம் கேட்டு எழுது. நான் வரட்டுமா, வேண்டாமா?

அக்கா


செப்டம்பர் 3

தம்பிக்கு,

நம் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் எழுதியவை. வழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும்.

உன் கடிதத்தைப் படித்ததும் உன்னைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. பதினோரு நாள். என் பிள்ளையை இல்லை என்றாயே. அந்த ஒரு வார்த்தையை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. பிறகு நான் உனக்கு எழுதியதை நினைத்துப் பார்த்தேன். நீ அவனை இல்லாமல் ஆக்கினாய், நான் உன்னை. உன்னைத் திட்ட எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது. அந்தப் பாதியை நேரில் பார்க்கும்போது திட்டுகிறேன், தயாராக இரு.

வாலுவுக்கு இருக்கிறது. சிறுநீரில் இரத்தம், கண்ணுக்குத் தெரியாத அளவு. சத்து இப்போதுதான் கொஞ்சம் கசிய ஆரம்பித்திருக்கிறது. எனக்கும் பார்த்தார்கள். என் சிறுநீரிலும் இரத்தம் இருக்கிறது. இத்தனை வருடம் எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. "உங்க ரெண்டு சிறுநீரகமும் உங்களுக்கே வேணும்மா, யாருக்கும் தரக்கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. நான் எதைக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்று அடித்துக்கொண்டதெல்லாம் வீண்.

அவனுக்கு ஒரு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். இரத்த அழுத்த மாத்திரைதான், ஆனால் வடிகட்டியின் மேல் இருக்கிற பாரத்தைக் குறைக்குமாம். நோயைத் தீர்க்காது. ஆனால் கெட்டுப்போவதைத் தள்ளிப்போடுமாம், இத்தனை சீக்கிரம் ஆரம்பித்தால் பல வருடம்கூடத் தள்ளிப்போகலாமாம். உனக்குப் பத்து வயதில் யாராவது ஏன் என்று கேட்டிருந்தால் உனக்கும் கிடைத்திருக்கும். காதுக்குக் கருவி வாங்கியாயிற்று. முதல் நாள் மாட்டிக்கொண்டு, குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்கிறது என்று என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான்.

மறைக்க வேண்டாம் என்று அவனிடம் எல்லாம் சொன்னோம். உன் அத்தான்தான் சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "மாமாவுக்கு வலிக்குதா?" எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவனைச் சமாதானப்படுத்த எழுதாதே. இருக்கிறபடி எழுது.

அக்கா


செப்டம்பர் 11

அக்காவுக்கு,

இதை அவனுக்குப் படித்துக் காட்டு. உன் உதடு அவனுக்குத் தெரிகிற மாதிரி எதிரில் உட்கார்ந்து படி.

ஊசி வலிக்கும். ஒவ்வொரு தடவையும் கையில் இரண்டு ஊசி, பெரிய ஊசி. முதல் நாள் நான் கத்தினேன், நர்ஸ் சிரித்தார். மூன்றாவது மணி நேரத்தில் சில நாள் கால் தசை பிடித்து இழுக்கும், அதுவும் வலிக்கும். தாகம் எடுக்கும், தண்ணீரை அளந்துதான் தருவார்கள். அது வலியைவிட மோசம்.

ஆனால் நோய் வலிக்காது. பத்து வயதில் எனக்கு எங்கும் வலிக்கவில்லை. பதினைந்தில் இல்லை, இருபதில் இல்லை. தறியில் நின்றுகொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன், அது உள்ளே வேலையைச் செய்துகொண்டிருந்தது. வலித்திருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பேன். வலிக்காததுதான் எனக்கு இப்போதும் பயம். அவனும் கொஞ்சம் பயப்படட்டும். தினமும் மாத்திரை போடுகிற அளவுக்குப் பயந்தால் போதும், அதற்குமேல் வேண்டாம்.

பெரியவனானதும் ஒருநாள் அவன் கேட்பான், எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, இந்த மாத்திரை எதற்கு என்று. அன்றைக்கு நீ சொன்னால் கேட்கமாட்டான், அம்மா சொல்லை யார் கேட்கிறார்கள். இந்தக் கடிதத்தைக் கொடு. நான் இருந்தால் நானே வந்து சொல்கிறேன்.

தம்பி